கிப்ளிங்: ஆயா மடியில் வளர்ந்த ஆதிக்கக் கவிஞர்

ருட்யார்ட் கிப்ளிங் 1865-ல் பம்பாயில் பிறந்தார். இந்திய ஆயா வளர்த்ததால், சிறுவயதில் ஆங்கிலத்தைவிட இந்துஸ்தானியே அவருக்குச் சரளமாக வந்தது. பின்னர் லாகூரில் பத்திரிகையாளராகப் பணியாற்றினார். 1899-ல், பிலிப்பைன்ஸை அமெரிக்கா வசப்படுத்திய வேளையில், 'வெள்ளையனின் சுமை' என்ற கவிதையை வெளியிட்டார். பிற இனங்களை ஆள்வதை அதில் தியாகமாகப் போற்றினார். ஆளப்படுவோரைப் பக்குவமற்றவர்களாகச் சித்திரித்தார்.

1906-ல் அந்நாட்டின் புத் தாஹோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோ முஸ்லிம்களை அமெரிக்கப் படை கொன்று குவித்தது. மறு ஆண்டு கிப்ளிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பார்வைக் குறைபாடுள்ள தம் மகனைச் செல்வாக்கால் ராணுவத்தில் சேர்த்தார். 1915-ல், 18 வயதில் அவர் போரில் மடிந்தார். 1936-ல் கிப்ளிங் மறைந்தார்.

ஒரு சமூகத்தின் மொழியை அறிந்துவிட்டால் மட்டும் போதாது. அம்மக்களைச் சமமாக மதிக்கும் நீதியும் வேண்டும். அது இல்லாத புலமை, அக்கிரமத்துக்கு அழகிய ஆடை போர்த்திவிடும்.