ரயிலில் பாடிய சிறுமி, 1 லட்சம் சம்பளம் வாங்கிய முதல் நட்சத்திரம்: யார் இந்த கே.பி. சுந்தராம்பாள்?

தைப்பூசம் நெருங்கினால் போதும். ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கிகளில் கணீரென்று ஒரு பெண் குரல் கேட்கும். பாட்டிகளுக்கு அது யாரென்று உடனே தெரியும். நமக்கு? "பழைய சாமி பாட்டு", அவ்வளவுதான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கே.பி. சுந்தராம்பாள். அவரோட கதை ஒரு சினிமாவுக்குக் குறைந்ததில்லை.

எப்படி ஆரம்பித்தது?

1908-இல் தமிழ்நாட்டின் காவிரிக் கரை ஊரான கொடுமுடியில் பிறந்தார். பெயரில் இருக்கும் 'கே' அந்த ஊர்தான். சின்ன வயசிலேயே வறுமை. ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமியை, நாடக ஆர்வம் கொண்ட ரயில்வே அதிகாரி நடேச ஐயர் கவனித்து மேடைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது.

அமெரிக்க கண்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ரோஜர்ஸும் ரயில்வே தொழிலாளியாக இருந்து பாடகர் ஆனவர்தான். இரண்டு பேருமே ஏழை மக்களின் பாட்டை இசைத்தட்டில் ஏற்றியவர்கள்.

கிட்டப்பா யார்?

செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா, அன்றைய நாடக மேடையின் சூப்பர் ஸ்டார். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசை வரை கேட்கும் குரல். இலங்கையில் நாடகம் போட்டபோது இருவரும் ஜோடியாக நடித்தார்கள். 'வள்ளி திருமணம்' பெரிய ஹிட். 1927-இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபம் வளர்ந்து இருவரும் பிரிந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அதோடு முடிந்துவிட்டதா?

முடிந்திருக்கலாம். கணவனை இழந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கணும் என்று எதிர்பார்த்த காலம் அது. அவரும் வெள்ளைப் புடவைக்கு மாறி, மேடையை விட்டு ஒதுங்கினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்திய பிறகே திரும்பி வந்தார். ஒரே நிபந்தனை: இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை.

நாயகி வேடம் இல்லையென்றால் ஒரு நடிகைக்கு வேறென்ன மிச்சம்? 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமே போட்டார், அதுவும் கதாநாயகன் நந்தனாராக! சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. தன்னைக் கட்டிப்போட்டிருக்க வேண்டிய விதியை, தன் நிபந்தனையாக மாற்றிக்கொண்டார்.

அரசியலிலும் இருந்தாரா?

ஆமாம். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் கூட்டங்களில் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1951-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். எம்.ஜி.ஆர், ஜெயலலிதாவுக்கெல்லாம் முன்பே சட்டமன்றப் படியேறிய சினிமா கலைஞர் இவர்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தி அடிகள். 'திருவிளையாடல்' (1965) படத்தில் மீண்டும் ஔவையார். கோபித்துக்கொண்டு போகும் முருகனைச் சமாதானப்படுத்தும் காட்சி இன்றும் யூடியூப்பில் ஓடுது. 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ என்று அங்கீகாரங்கள் தாமதமாகத்தான் வந்தன.

1980-இல் காலமானார். கிட்டப்பா போன பிறகு 46 வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தார். வெள்ளைப் புடவையை மாற்றவே இல்லை, பாடுவதையும் விடவில்லை. அடுத்த முறை கோயில் திருவிழாவில் அந்தக் குரல் கேட்டால், பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்க. அவங்களுக்குத் தெரிந்த சுந்தராம்பாள் கதை இன்னொன்று இருக்கலாம்.