ஏழைப் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம்: மரிய மாண்டிசோரி அம்மையார் சரிதை



பூம்புகாரில் பொழுது விடியுமுன்னே படகுகள் கடலுக்குப் போய்விடுகின்றன. அவை கரை சேர்ந்ததும் தாய்மார் மீன்கூடையுடன் விற்கப் புறப்படுகிறார்கள். வயற்காட்டுப் பக்கம் நடவு வந்துவிட்டால், பெண்டுகள் பழையதைக் குடித்துவிட்டு விடியற்காலையிலேயே சேற்றில் இறங்கிவிடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது யார்? மூன்று வயதுப் பிள்ளையும், அதைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வயது அக்காளும். சின்னது புழுதியில் அளைகிறது; பெரியது பள்ளிக்கூடம் போகவில்லை. தெருக்கோடியில் பால்வாடி திறந்துதான் இருக்கிறது. பிள்ளையை ஏன் அங்கே சேர்க்கவில்லை என்று வீடு சந்திக்கப் போகும்போது கேட்டால், அது சும்மா சோறு போடுகிற இடந்தானே சாமி என்று பதில் வருகிறது. காசில்லாமல் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்பது நம்மவர் எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை ஒரு அம்மையாருடைய சரிதை நமக்குக் காட்டும்.

மரிய மாண்டிசோரி 1870-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ஆம் தேதி இத்தாலி தேசத்தில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் நன்கு படித்தவர். மரியா சிறுமியாயிருக்கும்போதே குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபோயிற்று. பெண்கள் வைத்தியம் படிப்பதைக் கேலி செய்த காலம் அது. தகப்பனாருக்கும் அதில் விருப்பமில்லை. ஆயினும் அவர் மனந்தளராமல் படித்து, 1896-இல் உரோமை சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் மனநோய் விடுதிகளுக்குப் போய்வரும் வேலை அவருக்குக் கிடைத்தது. புத்தி மந்தமென்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்க்கவோ விளையாடவோ அவர்களுக்கு ஒரு பொருளும் இல்லை. இப்பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கற்பிப்பே என்று அவர் கண்டுகொண்டார். கைக்கும் கண்ணுக்கும் வேலை தரும் சாமான்களைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, ஒன்றுக்கும் உதவாதென்று கைவிடப்பட்ட சில பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் தேர்ந்தார்கள். அப்படியானால் சுகமாயுள்ள பிள்ளைகள் இன்னும் எவ்வளவு கற்கக்கூடும் என்ற கேள்வி அவர் மனத்தில் பிறந்தது.

அவருடைய வாழ்வில் ஒரு பெருந்துயரமும் உண்டு. அதை மறைக்காமல் சொல்வதே நியாயம். 1898-இல் உடன் வேலைபார்த்த வைத்தியர் ஒருவரால் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். விவாகம் நடக்கவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். மரியா அவனை அவ்வப்போது போய்ப் பார்த்துவந்தாரே தவிர, தாயென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. மகன் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது ஏறக்குறைய பதினைந்து. பெற்ற பிள்ளையை அந்நியர் கையில் விட்டுப் போவது எப்படிப்பட்டதென்பது இந்த அம்மையாருக்குத் தெரியாததல்ல.

இனி, முக்கியமான சம்பவத்துக்கு வருவோம். உரோமையில் சான் லொரென்சோ என்பது அந்நாளில் கூலிக்காரர் நெருங்கி வாழ்ந்த பேட்டை. ஒரு கட்டிடக் கம்பெனி அங்கிருந்த வீடுகளைச் செப்பனிட்டு ஏழைகளுக்குக் குடியிருக்கக் கொடுத்தது. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் சிறு பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிக் கெடுத்தார்கள். சுவரைப் பழுதுபார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவென்று கம்பெனியார் கணக்குப் பார்த்து, ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, மாண்டிசோரியை அழைத்தார்கள். 1907-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி, மூவிராசாக்கள் திருநாளன்று, அந்த இல்லம் திறக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது பேர். அழுத கண்ணும் பயந்த முகமுமாய் வந்தார்கள்.

சேர்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் சுவரில் ஒரு விதி எழுதி ஒட்டப்பட்டிருந்தது. தாய்மார் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் குறித்த நேரத்தில் அனுப்பவேண்டும். வாரம் ஒரு தடவையாவது ஆசிரியையைச் சந்தித்துப் பிள்ளையைப் பற்றிப் பேசவேண்டும். அழுக்கோடு அனுப்பினாலும் ஆசிரியைக்கு மரியாதை தராவிட்டாலும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பணம் கேளாத அந்த இல்லம் பெற்றோரின் அக்கறையைக் கேட்டது.

அங்கே நடந்ததைப் பாருங்கள். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத் துளைகளில் உருளைகளைப் பொருத்தும் வேலையை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் பாட்டுச் சத்தம் கேட்டும் தலை நிமிரவில்லை. ஒரு நாள் மாண்டிசோரி மூக்கைச் சிந்தித் துடைக்கும் முறையை மெதுவாய்ச் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். மூக்கொழுகுகிறதென்று எல்லோரும் ஏசினார்களே தவிர, எப்படித் துடைப்பதென்று அதுவரை ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை!

எழுத்தறியாத தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும்படி வேண்டினார்கள். அவர் உப்புக்காகிதத்தில் எழுத்துகளை வெட்டிக் கொடுத்து விரலால் தடவச் செய்தார். அவ்வருஷம் டிசம்பரில் ஒரு நாள் மொட்டைமாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைக்கூண்டை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், எழுதச் சொன்னதும் தரையில் ஒரு சொல்லையும் எழுதிவிட்டான். தனக்கு எழுத வருகிறதென்று அவன் துள்ளிக் கூவ, மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டு எழுதத் தொடங்கினார்கள். பணக்காரப் பள்ளிகளில் ஆறு வயதில் தொடங்கும் எழுத்து, கூலிக்காரர் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. உலகமெங்கும் பெரும் செலவில் நடக்கும் மாண்டிசோரிப் பள்ளிகளுக்கெல்லாம் தாய்வீடு இந்த ஏழைகளின் அறைதான்.

பின்னாளில் முசோலினியோடு ஒத்துப்போகாமையால் 1934-இல் இத்தாலியிலிருந்த அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1939-இல், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையார் அழைப்பின்பேரில் மகனோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் அவரிடம் பயின்றார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ மொழிபெயர்த்தார். 1940-இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், எதிரி தேசத்தவரென்று மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று வைசிராய் அவரை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். நெடுங்காலம் மகனென்று சொல்ல முடியாதிருந்தவரைச் சர்க்காரே மகனென்று குறிப்பிட்டு அனுப்பியது! அதன்பின் இருவரும் இரண்டு வருஷம் கோடைக்கானலில் தங்கிச் சிறு பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். 1952-ஆம் வருஷம் மே 6-ஆம் தேதி ஹாலந்து தேசத்தில் அவர் காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வழியில் பயின்ற தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பள்ளிக்கு வராத ஆதிவாசிப் பிள்ளைகளைத் தேடிப் பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற பேர் அந்த முற்றத்தைக் குறிப்பதே. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி இந்திய சர்க்கார் இதைத் தேசத் திட்டமாக்கியது. நம் தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய 54,000 அங்கன்வாடிகள் உள்ளன. நம் தெருக்கோடிப் பால்வாடியும் அவற்றில் ஒன்று. இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு அங்கே பாட்டும் கதையும் விளையாட்டும் உண்டு. மத்தியானச் சோறும் முட்டையும் உண்டு. எடை பார்ப்பதும் தடுப்பூசிக்கு வழிசெய்வதும் உண்டு. எந்தத் தெருப் பிள்ளையானாலும் ஒரே பந்தி.

ஆகவே தாய்மாரே, தகப்பன்மாரே, கடன் வாங்கிக் கட்டணம் கட்டினால்தான் படிப்பு என்று எண்ணவேண்டாம். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பால்வாடி ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். சேர்த்தபின் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாமல், குளிப்பாட்டி நேரத்தோடு அனுப்புங்கள். வாரம் ஒரு தடவை போய் விசாரியுங்கள். குறையிருந்தால் வீட்டில் புலம்பாமல் நேரில் மரியாதையாய்ச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்கிற பள்ளி சீராய் நடக்கும். கேளாத பள்ளி சோறு போடும் இடமாகவே நின்றுவிடும்.

சின்னதைச் சேர்த்த அன்றே அந்த ஒன்பது வயது அக்காளின் கையில் புத்தகப் பையைக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு வரும்போது, இரண்டு பேரும் போகிறார்கள் சாமி என்று நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும்.