நௌஷேரா வீரர் பிரிகேடியர் உஸ்மான்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்து, மாலை சூட்டி வழிபட்டவர் நம் முன்னோர். அக்கல்லின் முன் நின்று வணங்கியவர் அவ்வீரனின் மக்கள் மட்டும் அல்லர். ஊரார் அனைவரும் ஆவர். அம்மரபில் தோன்றிய நாம், பிழைப்பை நாடி வடபுலம் வந்து, தலைநகரின் ரயில்வே காலனியில் ஒரு குடும்பம்போல் வாழ்ந்து வருகிறோம். நம்முள் சிலர் இல்லங்களில் சீருடை அணிந்த பாட்டனாரின் படம் கூடத்துச் சுவரை அணிசெய்கின்றது. வேறு சிலர் இல்லங்களில் பழைய பதக்கம் ஒன்று பட்டுத் துணியில் பொதிந்து பெட்டியடியில் கிடக்கின்றது. அப்பெரியோரை நினைக்க மக்களும் பேரரும் உளர். மனைவியும் மக்களும் இன்றி மறைந்த வீரரை நினைப்பது யார் கடன்? இவ்வினா எழும்போதெல்லாம் நம் நெஞ்சில் முன்வந்து நிற்பவர் பிரிகேடியர் முகம்மது உஸ்மான். அவர் துயிலும் இடம் நாம் வாழும் இதே தில்லி மாநகரில் இருத்தலின், அவர் வரலாற்றை இம்மலரில் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

இளமைப் பருவம்

உஸ்மான் 1912-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், அந்நாளைய ஐக்கிய மாகாணத்தில் ஆசம்கட் மாவட்டத்தைச் சேர்ந்த பீபீபூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் அதிகாரியாய் இருந்தவர். இளமையில் உஸ்மானுக்குத் திக்குவாய் இருந்தது. ஆயினும் நெஞ்சுரத்துக்குக் குறைவில்லை. பன்னிரண்டு வயதில், கிணற்றில் வீழ்ந்த ஒரு குழந்தையைக் கண்டு சற்றும் தயங்காது தாமும் குதித்து மீட்டார் என்பர்.

மகன் சிவில் உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். மகனின் உள்ளமோ படையை நாடிற்று. 1932-இல் இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் இடம் பெற்றார். அவ்வாண்டு அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய இளைஞர் பத்துப் பேரே. டேராடூனில் நமக்கென இராணுவக் கல்லூரி தோன்றிய காலம் அது. ஆகவே சாண்ட்ஹர்ஸ்டில் பயின்று அதிகாரிகளான இந்தியருள் இறுதி அணியினர் இவர்களே. 1934-இல் பயிற்சி முடித்துத் தாயகம் திரும்பிய உஸ்மான், மறு ஆண்டு பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் பெரும்போரில் பர்மாப் போர்முனையில் தொண்டாற்றினார். போர் முடியும் தறுவாயில் அதே ரெஜிமெண்டின் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை ஏற்றார்.

பிரிவினையும் ஒரு முடிவும்

1947-இல் நாடு இரண்டாயிற்று. நிலமும் கருவூலமும் மட்டுமன்றி, இருப்புப்பாதையும் எஞ்சின்களும் பங்கிடப்பட்டன, படையும் பங்கிடப்பட்டது. பலூச் ரெஜிமெண்டு பாகிஸ்தானுக்குச் சென்றது. உஸ்மானும் அதனுடன் செல்வார் என்றே பலரும் எண்ணினர். அங்கே சென்றால் விரைவில் பெரும்பதவி கிட்டும் என்று அந்நாட்டுத் தலைவர்கள் ஆசை காட்டி அழைத்தனர் என்பர். அவர் அசைந்து கொடுக்கவில்லை. பிறந்த மண்ணே தம் மண் எனத் துணிந்து இந்தியாவிலேயே நின்றார். பலூச் ரெஜிமெண்டு பிரிந்து போகவே, அவர் டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள் உடன் உண்டு, உடன் உறங்கி, உடன் போரிட்ட தோழரை ஒரே நாளில் பிரிவதென்பது எளிய செயல் அன்று. மாற்றல் உத்தரவு ஒன்று கைக்கு வந்தால், நெடுநாள் பழகிய ஸ்டேஷனை விட்டுப் போக நம் மனம் எவ்வளவு கலங்குகின்றது! அவரோ தம் ரெஜிமெண்டையே இழந்தார். அதைச் சேர்ந்தோர் நாளை எதிரணியில் நிற்கவும் கூடும் என்பதை அறிந்தே இழந்தார்.

தரையில் துயின்ற தளபதி

1947 அக்டோபரில் காஷ்மீரத்துள் படையெடுப்பு நிகழ்ந்தது. அக்டோபர் 26-ஆம் நாள் மகாராஜா இந்தியாவுடன் இணையும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். மறுநாளே நம் படைகள் விமானம் ஏறி ஸ்ரீநகரில் இறங்கின. தெற்கே ஜம்முப் பகுதியிலும் போர் மூண்டது. அங்கே நம்மவருக்கு இருந்த இடர்ப்பாட்டை ரயில்வே ஊழியராகிய நாம் நன்கு உணரலாம். ஜம்முவுக்கு அந்நாளில் இருந்த ஒரே இருப்புப்பாதை சியால்கோட் வழியே சென்றது. பிரிவினையால் சியால்கோட் அயல்நாடாகிவிட, அப்பாதை பயனற்றுப் போயிற்று. இந்தியாவிலிருந்து ஜம்முவுக்கு மீண்டும் ரயில் சென்றது 1972-இல்தான். ஆகவே அரிசியும் மாவும் குண்டும் மருந்தும் பதான்கோட் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து லாரிகளில் கரடுமுரடான சாலை வழியே சென்றன.

அச்சாலைகளின் முக்கிய சந்திப்பு ஜாங்கர் என்னும் ஊர். மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் வழிகள் அங்கே கூடி நௌஷேராவை நோக்கிச் செல்கின்றன. 1947 டிசம்பர் இறுதியில், பெருந்திரளாக வந்த எதிரிகளிடம் ஜாங்கர் வீழ்ந்தது. அப்போது 50-ஆம் பாராசூட் பிரிகேடின் தலைவராய் இருந்தவர் உஸ்மான். ஜாங்கரை மீட்கும் வரை கட்டிலில் படுப்பதில்லை என்று அவர் சூளுரைத்தார். மார்கழியும் தையும் கடுங்குளிர் காயும் அம்மலைநாட்டில், தரையில் பாய் விரித்தே துயின்றார்.

அதே ஜனவரியில், கடல் கடந்து ஐக்கிய நாடுகள் சபையில் காஷ்மீரம் பற்றி இந்தியாவின் வழக்கை எடுத்துரைக்கச் சென்ற தூதுக்குழுவின் தலைவர், தஞ்சைத் தரணி தந்த என். கோபாலசுவாமி அய்யங்கார் ஆவார். பின்னாளில் ரயில்வே அமைச்சராகி, நம் இருப்புப்பாதைகளை மண்டலங்களாகத் திருத்தி அமைத்தவரும் அவரே.

1948 பிப்ரவரித் தொடக்கத்தில், நௌஷேராவுக்கு அருகே ஓங்கி நின்ற கோட் என்னும் இடத்தை உஸ்மானின் படை கைப்பற்றியது. மேற்கத்தியப் படைத்தலைவராய்ப் புதிதாய் வந்திருந்த கரியப்பா விரும்பிக் கேட்ட பரிசு அது. பிப்ரவரி 6-ஆம் நாள் எதிரிகள் ஆயிரக்கணக்கில் நௌஷேராவைச் சூழ்ந்து தாக்கினர். அன்று தைன்தாரில் தம் காவலரண் ஒன்றைத் தனியராய் நின்று காத்து உயிர் நீத்து, பரம வீர சக்கரம் பெற்றவர் நாயக் ஜதுநாத் சிங். நௌஷேரா நிலைத்தது. அன்று முதல் உஸ்மானை நௌஷேராவின் சிங்கம் என்று மக்கள் போற்றினர். அவர் தலைக்கு எதிரிகள் 50,000 ரூபாய் விலை வைத்தனர் என்பர்.

மார்ச்சு 18-ஆம் நாள் ஜாங்கர் மீண்டது. சூளுரை நிறைவேறியது. ஆனால் தளபதி படுப்பதற்குப் படைவீட்டில் கட்டில் ஒன்றும் இல்லை! ஊருக்குள் சென்று ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்தனர். அன்றிரவு அவர் அதில் துயின்றார்.

தந்தையான தனியர்

உஸ்மான் மணம் புரிந்து கொள்ளவில்லை. தம் சம்பளத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் செலவிட்டார். மதுவைத் தொடாதவர். போரால் தாய் தந்தையரை இழந்து நௌஷேராவில் திரிந்த சிறுவர்களைத் திரட்டி, உணவும் உடையும் கல்வியும் அளித்தார். பாலர் சேனை என்று அவர்களுக்குப் பெயர். நௌஷேராச் சண்டையில் அவர்களுள் சிலர் செய்தி கொண்டு ஓடினர் என்றும், பிரதமர் அவர்களுள் மூவருக்குத் தங்கக் கடிகாரம் பரிசளித்தார் என்றும் கூறுவர். சிறுவரைப் போர்முனையில் விடுவதை இன்று எவரும் ஒப்பார். ஆயினும் வீடிழந்த அப்பிள்ளைகளுக்கு அவ்வாண்டில் தந்தையாய் நின்றவர், தமக்கெனப் பிள்ளையில்லாத அவரே.

ஜாங்கரை மீண்டும் கைப்பற்ற எதிரிகள் பன்முறை முயன்றனர். 1948 ஜூலை 3-ஆம் நாள் மாலை, ஜாங்கரில் பீரங்கிக் குண்டு ஒன்று அவருக்கு அருகே வீழ்ந்து வெடிக்க, அவ்வீரர் மண்ணில் சாய்ந்தார். முப்பத்தாறு வயது நிறையப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. அப்போரில் உயிரிழந்த இந்திய அதிகாரிகளுள் அவரே பதவியில் மிக உயர்ந்தவர். அவர் உடல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, பிரதமர் நேருவும் அமைச்சர்களும் உடனிருக்க, அரசு மரியாதையுடன் ஜாமியா மில்லியா வளாகத்தருகே அடக்கம் செய்யப்பட்டது. நம் ராஜாஜி கவர்னர் ஜெனரல் பதவியேற்று இரு வாரமே ஆகியிருந்த காலம் அது. பின்னர் உஸ்மானுக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது.

நம் கடன்

அவர் வீழ்ந்த ஜாங்கரில் நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஜூலை 3-இல் படையினர் வணக்கம் செலுத்துகின்றனர். ஆயினும் தில்லியிலுள்ள கல்லறை 2020 டிசம்பரில் உடைந்து கிடந்ததாகச் செய்தித்தாள்களில் படித்தபோது நாம் மனம் வருந்தினோம். இராணுவத்தார் உடனே அதைச் செப்பனிட்டனர் என்ற செய்தி பின்னர் ஆறுதல் அளித்தது. எனினும் வினா எஞ்சி நிற்கின்றது. விளக்கேற்ற மக்கள் இல்லாத வீரரின் கல், அயலார் கண்ணில் படாமலே சிதைந்துவிடலாம் அன்றோ?

இதற்கு விடை நம் ரயில்வேயிலேயே இருக்கின்றது. 1965-ஆம் ஆண்டுப் போரில், ராஜஸ்தானத்தின் எல்லையிலுள்ள கட்ரா ரோடு அருகே, படைக்குரிய பொருள்களைக் கொண்டு சென்ற ரயில்வே தொழிலாளர் 17 பேர் விமானத் தாக்குதலில் மாண்டனர். செப்டம்பர் 9-ஆம் நாள்தோறும் அங்கே கூடி அவர்களை வணங்குவோர் உறவினர் மட்டும் அல்லர். உடன் தொழில் புரிவோரும் ஆவர். இரத்த உறவு இல்லாத இடத்தில் தொழிலுறவும் ஊருறவும் அக்கடனைச் செய்கின்றன.

ஆதலின் காலனித் தாய்மார்க்கும் பெரியோர்க்கும் நாம் வேண்டிக்கொள்வன இரண்டு. உங்கள் இல்லத்துப் படைவீரரின் பெயர், ரெஜிமெண்டு, பணிபுரிந்த இடம் இவற்றை ஒரு தாளில் எழுதிப் படத்தின் பின்னே ஒட்டி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கதையாய்ச் சொல்லுங்கள். அடுத்து, விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளுடன் ஓக்லாப் பக்கம் சென்று, பிரிகேடியர் உஸ்மானின் கல்லறை முன் ஒரு கணம் நின்று வாருங்கள். நாம் பேசும் மொழி அவர் மொழி அன்று. நாம் தொழும் முறையும் அவர் முறை அன்று. ஆயினும் ஊருக்காக வீழ்ந்தவனை ஊரார் வணங்குவது நம் மூதாதையர் கற்பித்த முறையே ஆகும்.

வாழ்க வீரர் புகழ்! வளர்க நம் தமிழ்ச் சங்கம்!