அஸ்ஹரின் தூணடியிலிருந்து: தாஹா ஹுசைன் வாழ்வும் பணியும்

இருபதாம் நூற்றாண்டு அரபு இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் தாஹா ஹுசைன் என்னும் பெயரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. புனைகதை, திறனாய்வு, வரலாறு, மொழிபெயர்ப்பு, கல்வி ஆட்சி எனப் பல துறைகளிலும் தடம் பதித்த அப்பெருமகனாரை அரபு இலக்கியத்தின் முதல்வர் என்று பொருள்படும் பட்டத்தால் அரபுலகம் இன்றும் சுட்டுகின்றது. அவர்தம் பன்முகப் பணிகளுள் ஒன்றனை மட்டுமே இக்கட்டுரை சிறப்பாகக் கருதுகின்றது. அரபு மொழியையும் இஸ்லாமியக் கலைகளையும் ஒரு நவீனப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகப் பயில்வது இன்று உலகெங்கும் இயல்பாகிவிட்டது. நூறாண்டுகளுக்கு முன்னர் எகிப்து நாட்டில் அஃது இயல்பானதாக இல்லை. அந்த வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த ஒரு சிற்றூர்ச் சிறுவர் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

இளமை

மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில் மகாகா நகரையடுத்த ஒரு சிற்றூரில் 1889ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் தாஹா ஹுசைன் பிறந்தார். தந்தையார் சர்க்கரை ஆலை நிறுவனமொன்றில் சிறுபணி புரிந்தவர். பதின்மூன்று மக்களுள் தாஹா ஏழாமவர். குழந்தைக்குக் கண்நோய் கண்டபோது ஊர் நாவிதர் செய்த மருத்துவம் பார்வையையே பறித்துவிட்டது. நோயினும் கொடியது அறியாமை என்பதை அக்குடும்பம் பின்னரும் ஒருமுறை உணர நேர்ந்தது. 1902இல் பரவிய வாந்திபேதியில், மருத்துவக் கல்லூரியில் சேரவிருந்த அவருடைய தமையனார் ஒருவர் மாண்டார். பிற்காலத்தில் கல்வி ஏழையர்க்கும் எட்ட வேண்டும் என்று அவர் ஓயாது வாதிட்டமைக்கு இவ்விரு துயரங்களும் வேராயின என்று கருதுவது பிழையாகாது.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியை ஒத்தது எகிப்தியச் சிற்றூர்களின் குத்தாப். அங்கே திருக்குர்ஆன் முழுவதையும் அவர் இளம் வயதிலேயே மனனம் செய்தார். பின்னர் ஓதுதலைக் கைவிட்டமையால் மறந்தார், தந்தையின் முன் தலைகுனிய நேர்ந்தது, மீண்டும் கற்றார். பார்வையற்ற சிறுவனுக்கு அன்று அந்நாட்டில் இருந்த வழிகள் மிகச் சில. குர்ஆனை ஓதிப் பிழைக்கலாம்; அன்றி, அஸ்ஹரில் பயின்று மார்க்க அறிஞராகலாம். தந்தையார் இரண்டாம் வழியையே விரும்பினார். 1902இல் தமையனாருடன் தாஹா கெய்ரோ வந்து சேர்ந்தார்.

அஸ்ஹரில் கற்றவை

பத்தாம் நூற்றாண்டில் எழுந்த அல்அஸ்ஹர் பள்ளிவாசல் இஸ்லாமிய உலகின் தொன்மைமிக்க கல்விக் கூடங்களுள் ஒன்று. ஆசிரியர் தூணொன்றில் சாய்ந்து அமர்வார். மாணவர் அவரைச் சூழ்ந்து வட்டமிடுவர். மூலநூல், அதன் உரை, உரைக்கு எழுந்த விளக்கம், விளக்கத்துக்கு எழுந்த குறிப்பு எனப் பாடம் அடுக்கடுக்காக நடைபெறும். சட்டவியலும் இலக்கணமும் இம்முறையில் நுணுக்கமாகக் கற்பிக்கப்பெற்றன. நினைவாற்றல் மிக்க தாஹா அவற்றில் தேர்ச்சி பெற்றார் எனினும், சொல்லுக்குச் சொல் நீளும் விவாதங்களில் அவர் மனம் சலிப்புற்றது. சீர்திருத்தச் செம்மலாகிய முஹம்மது அப்துஹுவின் இறுதிக்காலச் சொற்பொழிவுகள் சிலவற்றைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. 1905இல் அப்துஹு மறைந்தார்.

அவர் உள்ளத்தைக் கவர்ந்த ஆசிரியர் செய்யித் அல்மர்ஸஃபி ஆவார். அபூதம்மாம் தொகுத்த ஹமாஸா, முபர்ரத் இயற்றிய காமில் ஆகிய பழந்தொகை நூல்களை அவர் இலக்கிய நயம் தோன்றக் கற்பித்தார். அஸ்ஹரில் இலக்கியம் அன்று ஓரத்துப் பாடமே. அப்பாடத்தில் ஊன்றிய தாஹாவும் தோழர் இருவரும் ஆசிரியர் சிலரைக் கடுமையாக விமர்சித்தனர் என்பதால் தலைமையின் சினத்துக்கு ஆளாயினர். இளைஞரின் நாவன்மை அன்றே அவருக்குப் பகையைத் தேடித் தந்தது.

எனினும் அஸ்ஹர் அவருக்கு ஒன்றும் தரவில்லை என்று கூறுவது அறமாகாது. அவருடைய அரபு உரைநடைக்கு வாய்த்த ஓசையும், பழைய நூல்களில் அவருக்கிருந்த ஆழ்ந்த பயிற்சியும் அத்தூணடியில் விளைந்தவையே.

புதிய பல்கலைக்கழகம்

1908 டிசம்பரில் கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அரசின் நிறுவனமாக அன்றி, நாட்டுப் பற்றுடையோரின் நன்கொடையால் எழுந்த தனியார் நிறுவனமாக அது விளங்கியது. தாஹா அதன் முதல் மாணவர்களுள் ஒருவரானார். அஸ்ஹர் மாணவராக இருந்துகொண்டே இங்கும் விரிவுரை கேட்டார். அஹ்மத் ஸக்கி இஸ்லாமிய நாகரிகத்தைப் பற்றிப் பேசினார். இத்தாலிய அறிஞர் நல்லினோ அரபு இலக்கிய வரலாற்றை அரபு மொழியிலேயே கற்பித்தார். ஜெர்மானியராகிய லிட்மன் செமிட்டிய மொழிகளையும், சந்தில்லானா இஸ்லாமிய மெய்யியலையும் விளக்கினர்.

இரண்டு கல்விகளுக்கும் இடையே நின்ற வேறுபாட்டை அவ்விளைஞர் உடலாலும் உள்ளத்தாலும் உணர்ந்தார். ஒன்று, நூல் கூறுவதை நூலின் வழியே விளக்குவது. மற்றொன்று, அந்நூல் எக்காலத்தில், எச்சூழலில், எவரால், எதன்பொருட்டு எழுந்தது என்று வினவுவது. முன்னதில் மாணவன் மரபைப் பெற்றுக்கொள்கிறான். பின்னதில் மரபை ஆராய்கிறான். இரண்டும் ஒருவருக்குள்ளேயே வாழ முடியுமா என்பதே தாஹாவின் வாழ்நாள் வினாவாயிற்று.

1912இல் அஸ்ஹரின் ஆலிம் பட்டத் தேர்வில் அவர் தோல்வியுற்றவராக அறிவிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1914 மே திங்களில், எகிப்தியப் பல்கலைக்கழகம் வழங்கிய முதல் முனைவர் பட்டத்தை அவர் பெற்றார். ஆய்வுப் பொருள், பதினோராம் நூற்றாண்டின் மாபெருங் கவிஞர் அபுல்அலா அல்மஅர்ரி. அக்கவிஞரும் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர் என்பதும், மரபை அஞ்சாது வினவியவர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கன.

அதே ஆண்டு பல்கலைக்கழகம் அவரைப் பிரான்சுக்கு அனுப்பியது. மோன்பெலியே நகரில் பிரெஞ்சும் இலத்தீனும் பயின்றார். பல்கலைக்கழகத்தின் பண நெருக்கடியால் இடையே தாயகம் திரும்ப நேர்ந்தது; பின்னர் பாரிஸ் சென்று சோர்போனில் கல்வியைத் தொடர்ந்தார். அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டிய சுசான் என்னும் பிரெஞ்சு நங்கை 1917இல் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். சமூகவியலின் முன்னோடியாகிய இப்னு கல்தூனைப் பற்றிய ஆய்வுக்காக 1918இல் இரண்டாவது முனைவர் பட்டமும் கிடைத்தது. முதலில் அவ்வாய்வுக்கு வழிகாட்டியவர் துர்கைம் ஆவார்.

1926ஆம் ஆண்டுப் புயல்

1919இல் நாடு திரும்பிய தாஹா, கிரேக்க உரோமானிய வரலாற்றுப் பேராசிரியராகப் பணியேற்றார். 1925இல் பல்கலைக்கழகம் அரசின் வயமானபோது அரபு இலக்கியப் பேராசிரியரானார். மறு ஆண்டு வெளிவந்த ‘இஸ்லாத்துக்கு முற்பட்ட கவிதை’ என்னும் அவருடைய நூல் நாட்டையே கலக்கியது.

இஸ்லாத்துக்கு முந்திய காலத்தவை என்று போற்றப்பட்டு வந்த பாடல்களுள் பெரும்பாலானவை, இஸ்லாம் தோன்றிய பின்னர்க் குலப்பெருமை, அரசியல், சமயம் ஆகிய காரணங்களால் புனைந்து ஏற்றப்பட்டவை என்று அந்நூல் வாதிட்டது. முன்முடிவுகளை ஒதுக்கிவிட்டு ஆராய்தல் வேண்டும் என்னும் தெகார்த்தின் முறையைத் தாம் பின்பற்றுவதாக அவர் அறிவித்தார். திருக்குர்ஆனின் மொழியை விளக்குவதற்கு அப்பாடல்களையே அறிஞர் காலங்காலமாகச் சான்று காட்டி வந்தனர். ஆதலின் அவற்றை ஐயுறுவது அடித்தளத்தையே அசைப்பதாகப் பலருக்குத் தோன்றியது. அத்துடன், இப்ராஹீம், இஸ்மாயீல் ஆகியோரைப் பற்றி வேதங்கள் கூறுவது மட்டுமே வரலாற்றுச் சான்றாகப் போதுமா என்று எழுதிய பகுதி, நம்பிக்கையாளர் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தியது.

அஸ்ஹர் அறிஞர்கள் முறையீடு செய்தனர். நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. மறுப்பு நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. வழக்கை ஆராய்ந்த அரசு வழக்கறிஞர் முஹம்மது நூர், நூலின் வாதங்களில் குறைகளைச் சுட்டிக்காட்டியபோதிலும், ஆசிரியரிடம் குற்ற நோக்கம் இல்லை என முடிவு செய்து 1927 மார்ச்சில் வழக்கை முடித்தார். நூல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. புண்படுத்திய பகுதி நீங்கி, வேறு பகுதிகள் சேர்ந்து, வேறு பெயரோடு அது அவ்வாண்டே மீண்டும் வெளிவந்தது.

எதிர்த்தவர் அனைவரும் குறுகிய மனத்தினர் அல்லர். வாய்மொழி மரபின் வன்மையை தாஹா குறைத்து மதிப்பிட்டார் என்று காட்டிய புலவர்களும் அவர்களுள் இருந்தனர். 1956இல் நாஸிருத்தீன் அல்அஸத் வெளியிட்ட விரிவான ஆய்வு, அப்பாடல்களின் நம்பகத்தன்மையை வலுவாக நிலைநாட்டியது. தாஹாவின் முடிவை இன்று ஆய்வுலகம் முழுமையாக ஏற்பதில்லை. ஆனால் அதை மறுத்தவர்களும் சான்றுகளைத் தேடி, ஒப்பிட்டு, எடையிட்டே மறுத்தனர். முடிவு தோற்றபோதும் முறை வென்றது என்பதே இவ்வழக்கின் பயன்.

துறைத்தலைமையும் அமைச்சும்

1930இல் கலைப்புல முதல்வராக அவர் பொறுப்பேற்றார். ஆட்சியாளர் விரும்பிய அரசியல்வாதிகளுக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்க மறுத்தமையால், 1932இல் சித்கி அமைச்சரவை அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றியது. துணைவேந்தர் நிலையிலிருந்த அஹ்மத் லுத்ஃபி அல்செய்யித் அதனைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். 1934இல் தாஹா மீண்டும் பேராசிரியரானார். 1936இல் மீண்டும் முதல்வரானார்.

பெண்களுக்கும் அரபுத் துறையின் கதவு அவர் காலத்தில் திறந்தது. அவருடைய மாணவி சுஹைர் அல்கலமாவி, ஆயிரத்தோரு இரவுகள் பற்றிய ஆய்வுக்காக 1941இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

1938இல் வெளியான ‘எகிப்தில் பண்பாட்டின் எதிர்காலம்’ என்னும் நூலில், அரபு மொழி ஆராய்ச்சி மார்க்கக் கல்விக்கூடத்துக்கு மட்டுமே உரிய தனியுரிமையன்று என அவர் வலியுறுத்தினார். கிரேக்கமும் இலத்தீனும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்றும் வாதிட்டார். எகிப்தின் பண்பாட்டை மத்தியதரைக்கடல் உலகோடு இணைத்த அந்நூலின் கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியதே. அதே வேளையில் அவர் இஸ்லாமியப் பொருள்களை விட்டு விலகினாரல்லர். நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சூழ்ந்த செய்திகளைக் கதைவடிவில் தந்த நூலும், உஸ்மான், அலி ஆகிய கலீபாக்களின் காலத்துக் கலகத்தை ஆராய்ந்த இரு தொகுதிகளும் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றன. தம் இளமையைப் படர்க்கையில் வைத்து எழுதிய ‘நாட்கள்’, உலக மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது.

1942இல் அலெக்சாந்திரியாவில் எழுந்த பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் அவரே. 1950 சனவரி முதல் 1952 சனவரி வரை கல்வி அமைச்சராக விளங்கி, உயர்நிலைக் கல்வியைக் கட்டணமற்றதாக்கினார். நீரும் காற்றும் போலக் கல்வி எல்லார்க்கும் உரியது என்பது அவர் கொள்கை. இன்று அய்ன் ஷம்ஸ் என வழங்கும் பல்கலைக்கழகமும், மத்ரித் நகரில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனமும் அக்காலத்திற் பிறந்தவை.

நிறைவு

1961ஆம் ஆண்டுச் சட்டம் அஸ்ஹரையே நவீனப் புலங்கள் கொண்ட பல்கலைக்கழகமாக்கியது. அடுத்து மகளிர்க்கும் அங்கே இடம் உண்டாயிற்று. அந்த மாற்றத்தைத் தம் கண்ணால் காண இயலாதவர், தம் வாழ்நாளிலேயே கேட்டறிந்தார். 1963 முதல் அரபு மொழிக் கழகத்தின் தலைவராக இருந்த தாஹா ஹுசைன், 1973 அக்டோபர் 28ஆம் நாள் தமது 83ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டின் ஐக்கிய நாடுகள் மனித உரிமை விருது பெற்றோருள் அவரும் ஒருவர்.

அரபும் இஸ்லாமும் பயிலப் பல்கலைக்கழகத்துள் நுழையும் மாணவர் இன்றும் அவர் எதிர்கொண்ட வினாவையே எதிர்கொள்கின்றனர். போற்றுவதை ஆராயலாமா? ஆராய்ந்த பின்னும் போற்ற முடியுமா? முடியும் என்பதற்கு அவருடைய நூல்கள் சான்று. எளிதன்று என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. மனனம் செய்த செவியும் ஐயுற்ற அறிவும் ஒருங்கே அமைந்தமையாலேயே அவருடைய எழுத்து மரபினர்க்கும் புதுமையர்க்கும் பொதுவாயிற்று. இவ்விரண்டனுள் ஒன்றைக் கைவிட்ட கல்வி முழுமை பெறாது என்பதே அப்பெருமகனார் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.