கதையில் கதை எங்கே? மலாயா வாசகர்களும் கு.அழகிரிசாமியும்

1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்குக் கப்பலேறி வந்தார் கு.அழகிரிசாமி. முப்பது வயதை ஒட்டிய அவரைத் தமிழ் நேசன் நாளிதழ் ஆசிரியர் பணிக்கு அழைத்திருந்தது. அப்போது நாட்டில் அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி, மாலையில் ஊரடங்கு. பால்மரம் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்களுக்குப் பொழுதுபோக்கென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா பக்கத் தோட்டங்களானாலும் பேராக் தோட்டங்களானாலும் வழக்கம் ஒன்றுதான். எழுத்துத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள்.

அவர்களுக்குப் பழக்கமானவை பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, இராமாயணம், பாரதம். சற்றுப் படித்தவர்களுக்குக் கல்கியும் மு.வ.வும் இருந்தார்கள். பொன்னியின் செல்வன் தொடராக வந்துகொண்டிருந்த காலம் அது. இந்த வாசகர்களுக்கு அழகிரிசாமியின் கதைகள் விநோதமாகத்தான் இருந்திருக்கும். அவற்றில் ராஜாவும் சபதமும் இல்லை, கடைசியில் திருப்பமும் இல்லை. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுதான் குமாரபுரம் ஸ்டேஷன். கதையில் கதை எங்கே என்று கேட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். அப்படிக் கேட்டதில் தப்பும் இல்லை.

அவர் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவலில், 1923 செப்டம்பர் 23 அன்று. அதே கிராமத்தில் அதே மாதம், ஒரு வாரம் முந்திப் பிறந்தவர் கி.ராஜநாராயணன். இருவர் வீட்டிலும் பேச்சுமொழி தெலுங்கு. இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். பள்ளிப் படிப்புக்குப் பின் அழகிரிசாமிக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எளிய குடும்பத்துப் பிள்ளை அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போவதை எந்த வீடும் விரும்பாது. அவர் போனார். ஆனந்த போதினி, பிரசண்ட விகடன், பிறகு வை.கோவிந்தனின் சக்தி என்று சென்னை வாழ்க்கை நகர்ந்தது.

ரசிகமணி டி.கே.சி.யின் வழியில் கம்பனில் ஊறியவர் அவர். கார்க்கியைத் தமிழில் மொழிபெயர்த்தவரும் அவரேதான். பழையது வேண்டுவோர் ஒரு பக்கமும் புதியது வேண்டுவோர் மறுபக்கமும் நின்ற காலத்தில் இரண்டு பக்கத்தாருக்கும் அவர் முழுச் சொந்தமாக முடியவில்லை. கம்பராமாயணத்தையும் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தையும் பதிப்பித்தார். கம்பனைப் பகுத்தறிவு இயக்கத்தார் கடுமையாக எதிர்த்த ஆண்டுகள் அவை. மலாயாவிலும் அந்த இயக்கத்துக்குச் செல்வாக்கு அதிகம்.

நவீன இலக்கியச் சண்டை மலாயாவுக்குப் புதிதல்ல. புதுமைப்பித்தன் மேதையா இல்லையா என்று இங்குள்ள எழுத்தாளர்கள் அவர் வருவதற்குச் சற்று முன்பே பத்திரிகையில் மல்லுக்கு நின்றிருந்தார்கள். சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950இல் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தி, சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடமே சொல்லித் தந்தார்கள். அந்த வகுப்பில் எழுதப் பழகிய இளைஞர்கள்தான் அழகிரிசாமிக்குக் கிடைத்தார்கள்.

அவர்களுக்காக இலக்கிய வட்டம் கூட்டினார். எழுதிய கதையைப் படித்து, குறை நிறைகளை முகத்துக்கு நேரே பேசுவதே வழக்கம். விமர்சனம் என்றால் மாலை மரியாதை என்று நினைத்து வந்தவர்களுக்கு அது கசப்பு மருந்து. பொறுத்துக்கொண்டவர்கள் தேறினார்கள். மலேசியச் சிறுகதையின் வரலாறு எழுதுவோர் இன்றும் அந்தச் சில ஆண்டுகளைத் தாண்டிப் போவதில்லை.

தோட்டத்து வாசகரை அவர் கதை உடனே தொடும் இடம் ஒன்று உண்டு. அது பசி. திரிபுரம் கதையில் பஞ்சம் பிழைக்க வந்த தாயையும் மகளையும் பசி எங்கே கொண்டு தள்ளுகிறது என்று படித்தால் அன்றிரவு தூக்கம் வராது. இப்படியெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிக்கவும் வைக்கும் கதை அது. ராஜா வந்திருக்கிறார் வேறு மாதிரி. தன் பிள்ளைகளுக்கே போதாத ஏழைத் தாய், தெருவில் நின்ற அநாதைப் பையனைத் தீபாவளிக்குக் குளிப்பாட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். லயத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தத் தாயைத் தெரியும்.

1955இல் மலாயாவில் சீதாலட்சுமியைக் கரம்பிடித்தார். நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் தமிழகம் திரும்பினார். நவசக்தியில் ஐந்தாண்டுகள் வேலை, அதன் பிறகு நிலையில்லாத வருமானம். 1970இல் சோவியத் நாடு இதழில் இடம் கிடைத்தது. அங்கே நெடுநாள் இருக்க விதிக்கவில்லை. ஜூலை 5 அன்று, 46 வயதில் காலமானார். அன்பளிப்பு தொகுப்புக்கு அந்த ஆண்டின் சாகித்திய அகாதமி விருது அவர் மறைவுக்குப் பிறகே வந்தது.

அந்தத் தலைப்புக் கதையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு தந்த மாமா சாரங்கன் என்ற சிறுவனை மட்டும் மறந்துவிடுகிறார். அவன் கோபிக்கவில்லை, அழவும் இல்லை. தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.