கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

சாதாரண தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த எம்மில் பலருக்கு இவரது பெயர் தெரியும். நடராசர் திருவுருவத்துக்கு விளக்கம் எழுதியவர் என்று ஒரு வரியில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், அத்துடன் விட்டுவிட்டோம். கொழும்பு 7இல் தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதி இவர் பெயரைத் தாங்கியிருப்பதைக்கூட எம்மில் பலர் பின்னாளிலேயே கவனித்தோம். அந்த ஒரு வரிக்குள் அடங்காத வாழ்வு இவருடையது.

1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர், பாரிஸ்டர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு மாமி மக்கள். தாயார் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தையுடன் அவர் முதலில் இங்கிலாந்து சென்றார். பின்னால் வரவிருந்த கணவர் 1879இல் கொழும்பிலேயே காலமானார். இரண்டு வயதுகூட நிறையாத பிள்ளையைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர் அந்தத் தாயே. பெரும்பாலான கட்டுரைகள் தந்தையாரின் பெருமையோடு நின்றுவிடுகின்றன. பெண்கள் கல்லூரியின் மலரில் அப்படி நிறுத்த எமக்கு மனம் வரவில்லை.

கலைஞராக அல்ல, விஞ்ஞானியாகவே இவர் இலங்கைக்குத் திரும்பினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியலமைப்பும் தாவரவியலும் படித்தவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணியின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை 1904இல் உலகுக்கு அறியத் தந்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. கல்லையும் மண்ணையும் தேடி ஊரூராகப் போனபோதுதான் கண்டிப் பகுதிக் கிராமங்களில் தட்டாரையும் தச்சரையும் குயவரையும் நெசவாளரையும் கண்டார். தொழிற்சாலைப் பொருட்கள் கப்பலில் வந்திறங்க, அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய கருவிகளையும் அளவுகளையும் கோலங்களையும் தொழில் முறைகளையும் குறித்துக்கொண்டார்.

அப்படிப் பிறந்ததுதான் மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல். 1908இல் வெளிவந்தது, 425 பிரதிகளே அச்சாயின. வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அதனை அச்சிட்டார்கள். கைத்தொழிலைப் பற்றிய நூல் கையாலேயே ஆக்கப்பட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நூலிலுள்ள ஒளிப்படங்களை எடுத்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். பின்னாளில் எதெல் இங்கிலாந்தில் பெயர்பெற்ற கைத்தறி நெசவாளரானார். அவருடைய பங்கை நூலின் பெருமையைச் சொல்வோர் அதிகம் சொல்வதில்லை.

அந்த நூலில் வன்னி இல்லை, எமது வடபகுதியும் இல்லை எனலாம். ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து எமக்கு மிக நெருக்கமானது. சுவரில் மாட்டி ஓய்வு நேரத்தில் பார்ப்பது மட்டும் கலையல்ல. யாருக்காக, எதற்காக, எப்படி ஆக்கப்பட்டது என்று கேட்காமல் ஒரு பொருளை இரசிக்கவே முடியாது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது. நீத்துப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஆவி உள்ளே புக வேண்டும், மா கீழே சிந்தக் கூடாது. அந்தத் தேவையிலிருந்தே அதன் கூம்பு வடிவமும் ஓலைப் பின்னலின் நெருக்கமும் வந்தன. அழகும் அங்கேயே இருக்கிறது. சுளகும் கடகமும் குளத்துப் பன்னில் இழைத்த பாயும் அப்படித்தான். வற்றாப்பளைப் பொங்கலில் கடல் நீரில் எரியும் விளக்கை யாரும் அழகு பார்ப்பதற்காக ஏற்றுவதில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் மறப்பதுமில்லை.

2008, 2009இல் இடத்துக்கு இடம் பெயர்ந்தபோது அம்மாமார் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதை எம்மில் பலர் அறிவோம். பெட்டியும் பாயும் முதலில் கைவிடப்பட்டன. திரும்பி வந்தபோது பிளாஸ்ரிக் வாளிகள் வந்துசேர்ந்தன. வாழ்வோடு இருந்த பொருள், அந்த வாழ்வு போனபின்னரே நூதனசாலைக்கு வருகிறது என்று அவர் எழுதியதை இன்று படிக்கும்போது, எமது பாடசாலைக் கண்காட்சியின் 'பாரம்பரிய மூலை' கண்முன் வருகிறது.

1907, 1908இல் பொலன்னறுவையில் சைவச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. கொழும்பு நூதனசாலையிலுள்ள செப்புப் படிமங்களைப் பற்றி அவர் 1914இல் நூலொன்று வெளியிட்டார். பல கைகளுள்ள உருவங்களை விகாரம் என்று மேல்நாட்டு விமரிசகர் சிலர் ஒதுக்கிய காலத்தில், சிவ நடனம் பற்றிய அவரது கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகையில் வெளியானது. துடி படைப்பு, அபயகரம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்று சைவ நூல்கள் சொல்லிவந்ததை, அவற்றை அறியாத வாசகருக்கும் புரியும்படி விரித்துரைத்தார். எமது பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரி இங்கிருந்தே வந்தது. கட்டுரை 1918இல் நியூயோர்க்கில் அதே பெயர்கொண்ட நூலில் இடம்பெற்றது.

அவர் சொன்ன அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. பரம்பரைத் தொழில் ஒழுங்கை அவர் மிக உயர்வாகக் கண்டார். அந்த ஒழுங்கு யாரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதை எமது ஊர்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பாயை இழைத்த கைகளைப் போற்றிக்கொண்டு, அந்தக் கைகளுக்குரியவரைத் திண்ணையில் ஏற்றாத சமூகம் எமது. இதில் அவரோடு நாம் உடன்படவில்லை.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவுக்காகப் போரிட மறுத்தார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளரானார். முப்பது ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. இந்தியாவுக்குத் திரும்பி ஒதுங்கி வாழ எண்ணியிருந்தவர், எழுபது வயது நிறைந்து மூன்று வாரத்துக்குள், 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, அங்கேயே காலமானார்.

அவர் தேடிச் சேர்த்த இராசபுத்திர ஓவியங்களில் பல இன்றும் அந்த நூதனசாலையில் உள்ளன. பொஸ்ரன் பக்கம் வாழும் எமது சகோதரியர் பிள்ளைகளோடு ஒருநாள் போய்ப் பார்த்து, சங்கத்துக்கு நாலு வரி எழுதினால் மகிழ்வோம்.