பொறியறிஞர் பாசல்ஜெட்

இலண்டன் மாநகரின் நடுவே தேம்சு ஆறு ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவ்வாறு ஒரு பெருஞ்சாக்கடையாகவே இருந்தது. அந்நாளில் ஏறத்தாழ 25 இலட்சம் மக்கள் அந்நகரில் வாழ்ந்தனர். முன்னர் வீடுதோறும் மலக்குழிகள் இருந்தன. நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் பெருகவே, குழிகள் நிரம்பி வழிந்தன. அவற்றை மூடிவிட்டு, வீட்டுக் கழிநீரைத் தெருக் கால்வாய்களில் விடுமாறு அதிகாரிகள் ஆணையிட்டனர். மழைநீர் வடிவதற்கென அமைந்த அக்கால்வாய்கள் தேம்சில் சென்று கலந்தன. வீடுகள் தூய்மையாயின, ஆறு கெட்டது. அவ்வாற்று நீரையே சில குடிநீர் நிறுவனங்கள் மக்களுக்கு வழங்கி வந்தன! 1848-49ஆம் ஆண்டுகளில் வாந்திபேதிக்கு இரையானோர் 14,000 பேருக்கு மேலாவர்.

இக்கேட்டினை நீக்கியவர் ஜோசப் வில்லியம் பாசல்ஜெட் என்பவர். அவர் 1819ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் என்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். பாட்டனார் பிரான்சு நாட்டினின்று குடியேறியவர். தந்தையார் கடற்படை அதிகாரி. பாசல்ஜெட் இளமையில் அயர்லாந்தில் நில வடிகால் வேலை பயின்றார். பின்னர் இருப்புப்பாதைப் பணிகளில் இரவுபகல் பாராது உழைத்து, 1847இல் உடல்நலம் இழந்தார். நலம் பெற்றபின், 1849இல் இலண்டன் கழிநீர் ஆணையத்தில் துணை அளவையாளராக அமர்ந்தார்.

1855இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பெருநகர்ப் பணிகள் வாரியம் தோன்றியது. வட்டார மன்றங்கள் தேர்ந்தெடுத்த 45 உறுப்பினர் அதில் இருந்தனர். மறு ஆண்டில் பாசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளரானார். அவருடைய திட்டம் கேட்பதற்கு எளியது. பழைய கால்வாய்கள் ஆற்றை அடையுமுன், ஆற்றுக்கு இணையாகச் செல்லும் பெரிய கால்வாய்கள் அவற்றை இடைமறிக்க வேண்டும். கழிநீரை நகருக்குக் கிழக்கே நெடுந்தொலைவு கொண்டு சென்று, கடல் வற்றும் நேரத்தில் ஆற்றில் விடவேண்டும். மைலுக்கு இரண்டடிச் சரிவு இருந்தால் கழிநீர் தானே ஓடும். தாழ்வான இடங்களில் மட்டும் நீராவிப் பொறிகளால் அதனை மேலே ஏற்ற வேண்டும்.

திட்டம் விரைவில் உருவாயிற்று. பணமும் இசைவும் எளிதில் கிட்டவில்லை. பெருஞ்செலவாகும் எந்தத் திட்டத்திற்கும் அரசின் ஒப்புதல் வேண்டுமெனச் சட்டம் விதித்திருந்தது. கழிநீர் விழும் இடம் நகருக்கு மிக அண்மையில் உள்ளதென்று கூறி, அமைச்சர் சர் பெஞ்சமின் ஹால் ஒப்புதல் மறுத்தார். அவர் அமர்த்திய வல்லுநர் குழுவோ, கால்வாய்களை இன்னும் நீட்டுமாறு கூறிற்று. மிகும் செலவை நகரத்தார் ஏற்பதா, நாட்டின் கருவூலம் ஏற்பதா? இவ்வழக்கிலேயே ஈராண்டுகள் கழிந்தன. வரைபடங்கள் உறங்கின, ஆற்றில் கழிநீர் மட்டும் தடையின்றி ஓடியது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கொளுத்தியது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்திற்குள் நாற்றம் புகுந்தது. நாற்றத்தை மாற்றச் சன்னல் திரைகளைச் சுண்ண மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டனர், பயன் இல்லை. எளியோர் பல்லாண்டுகள் பொறுத்திருந்த துன்பத்தை ஆள்வோரால் சில வாரங்கள் பொறுக்க இயலவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா 18 நாட்களில் சட்டமாயிற்று.

அச்சட்டம் வாரியத்திற்கு வேண்டிய உரிமையையும் பணத்திற்கு வழியையும் ஒருங்கே தந்தது. வாரியம் 30 இலட்சம் பவுன் கடன் வாங்கலாம்; கருவூலம் அதற்குப் பிணை நிற்கும். வீடு, கடைகளின் ஆண்டு வாடகை மதிப்பில் பவுனுக்கு மூன்று பென்சு வீதம் வரி தண்டி, 40 ஆண்டுகளில் கடனை அடைக்கவேண்டும். அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்சு. ஆகவே, 20 பவுன் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டு வரி 60 பென்சு, அதாவது ஐந்து சில்லிங்கு ஆகும். இக்கால்வாய்கள் பல தலைமுறைக்கும் பயன்படுவன. அவற்றின் சுமையை ஒரே தலைமுறையின் தோளில் ஏற்றாமல் பகிர்ந்தது நேர்மையான ஏற்பாடேயாகும்.

அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. 82 மைல் நீளப் பெருங்கால்வாய்கள் நிலத்தடியில் உருவாயின. அவற்றிற்கும் பிற கட்டடங்களுக்குமாக 31 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் செலவாயின. அக்காலத்தில் பலரும் நம்பத் தயங்கிய போர்ட்லந்து சிமெண்டைப் பாசல்ஜெட் துணிந்து பயன்படுத்தினார். எனினும் வந்திறங்கிய சிமெண்டைச் சோதித்த பின்னரே வேலைக்கு விட்டார். செங்கல் விலையும் கொத்தர் கூலியும் ஏறின. செலவு 40 இலட்சம் பவுனைக் கடந்தது. வாரியம் மேலும் கடன் வாங்க நேர்ந்தது. ஆற்றோரம் அமைந்த விக்டோரியா கரைச்சாலைக்கோ, நகருக்குள் வரும் நிலக்கரி, ஒயின் ஆகியவற்றின்மீது விதித்த தீர்வை உதவியது.

1865இல் கிராஸ்னெஸ் நீரேற்று நிலையத்தை வேல்சு இளவரசர் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு வாந்திபேதி மீண்டும் வந்தது. ஆனால், புதிய கால்வாய்த் தொடர்பு இன்னும் முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனிலேயே அது பெரிதும் உயிர்களைக் கொள்ளை கொண்டது. நோய் தீய நாற்றத்தால் பரவுகிறது என்பதே அந்நாளில் பலருடைய நம்பிக்கை. நீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ முன்னரே காட்டியும் பலர் ஏற்கவில்லை. நாற்றத்தைப் போக்க அமைத்த கால்வாய்கள் நீரைக் காத்து, நோயையும் விலக்கின. கொண்ட கருத்துத் தவறு. செய்த வேலை சரி!

குறையும் இல்லாமற் போகவில்லை. கழிநீர் நகரைவிட்டு அகன்றதேயன்றித் தூய்மை செய்யப்படவில்லை. கிழக்கே ஆறு கெட்டது. 1878இல் அக்கழிமுகங்களுக்கு அருகே பயணக் கப்பல் ஒன்று மூழ்கி 600 பேருக்கு மேல் மாண்டபோது, அந்நீரின் கேட்டினை மக்கள் கண்கூடாக உணர்ந்தனர். பின்னர் 1887 முதல் கசடைப் பிரித்துக் கப்பலேற்றிக் கடலில் கொட்டலாயினர்.

சர் பட்டம் பெற்ற பாசல்ஜெட், 1889இல் வாரியம் கலைக்கப்படும்வரை அதன் பணியில் இருந்தார். 1891 மார்ச்சு 15ஆம் நாள் விம்பிள்டனில் மறைந்தார். விக்டோரியா கரைச்சாலையின் சுவரில் அவருடைய மார்பளவு வெண்கலச் சிலை பதிக்கப்பட்டுள்ளது. அச்சாலையின் அடியில் அவர் கட்டிய கால்வாய் செல்கிறது.